படிக்கப் போவது யார்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து விட்டால் போதும். ஆலங்குடி பஸ்சானாலும் சரி, அறந்தாங்கி பஸ்சானாலும் சரி, பொன்னமராவதி பஸ்சானாலும் சரி, உள்ளே ஒரே பேச்சுதான். "புள்ளைய எங்க சேர்க்கப் போறீங்க?"

சாதாரண வீட்டில் இதற்கு ஒரு பதில் இருக்கும். தாயும் தகப்பனும் கோர்ட்டு ஏறிப் பிரிந்து விட்ட வீட்டில் இரண்டு பதில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, கையில் மார்க் சீட்டுடன் ஒரு பதினைந்து வயசுப் பிள்ளை நிற்கும்.

புதுக்கோட்டைச் சீமையில் இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். தகப்பன் சிங்கப்பூரில் வேலை. மாதா மாதம் பணம் அனுப்புகிறார். "பணம் கட்டுறது நான். நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல போடு. அப்பத்தான் டாக்டருக்குப் படிப்பா" என்கிறார் போனில். தாய்க்கு இங்கே தையல் வேலை. "வயசுப் பொண்ண ஹாஸ்டல்ல விட மாட்டேன். வளர்த்தது நான். இங்கயே படிக்கட்டும்" என்கிறார்.

மகள் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள். "எனக்கு டாக்டரே வேணாம். காமர்ஸ் குரூப் எடுக்கிறேன்." அது யார் காதிலும் விழவில்லை. டி.சி. தாயின் பீரோவில். பீஸ் பணம் தகப்பனின் பேங்க் கணக்கில். ஜூன் மாதம் பிறந்து விடுகிறது. பள்ளிக்கூடம் திறந்து விடுகிறது. பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறது!

கோர்ட்டு என்ன சொல்கிறது?

"நான்தான் தகப்பன், நான் சொல்றதுதான் சட்டம்" என்பவர்கள் சட்டத்தை ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும்.

1890-ல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட காப்பாளர் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. எல்லா மதத்தாருக்கும் பொருந்துகிற சட்டம். சொந்தமாக யோசித்துச் சொல்கிற வயசு பிள்ளைக்கு வந்து விட்டால், அதன் விருப்பத்தையும் நீதிபதி கணக்கில் எடுக்கலாம் என்று அதன் 17-வது பிரிவு சொல்கிறது.

1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு பிள்ளைகளின் படிப்பைப் பேர் சொல்லியே பேசுகிறது. முடிந்த மட்டும் பிள்ளையின் விருப்பத்தை ஒட்டி உத்தரவு போட வேண்டும் என்கிறது. விவாகரத்து தீர்ப்பு வந்த பிறகும் இதற்காகத் தனியே மனு போடலாம். 1956-ம் ஆண்டு இந்து மைனர் காப்பாளர் சட்டமோ, எல்லாவற்றிலும் பிள்ளையின் நலனே பெரிது என்று அடித்துச் சொல்லி விட்டது.

அதே 1956 சட்டம் தகப்பனை முதலில் வைத்து, "அவருக்குப் பிறகு தாய்" என்று சொல்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்தப் "பிறகு" என்ற வார்த்தைக்குத்தான் 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு விளக்கம் கொடுத்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கு அது. தகப்பன் உயிரோடு இருந்தாலும், பிள்ளையைக் கவனிக்காமலோ கவனிக்க முடியாமலோ இருந்தால் தாயும் காப்பாளர்தான் என்று தீர்ப்பாயிற்று.

சென்னையில் இருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றவர்களின் சொத்தும் அல்ல, விளையாட்டுச் சாமானும் அல்ல என்று 1973-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அலகாபாத் பையன்

2008-ல் ஒரு வழக்கு. பிரிந்த தம்பதி. பையன் தகப்பனுடன் அலகாபாத்தில் படித்துக் கொண்டிருந்தான். தாய்க்கு வேறு ஊரில் வேலை. பையனைத் தன்னிடம் தர வேண்டும் என்று தாய் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்.

நீதிபதிகள் அந்தச் சிறுவனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்கள். பிறகு, வளர்ந்த ஊரை விட்டு இந்த நேரத்தில் பெயர்த்தால் படிப்பும் கெடும், மனசும் நோகும் என்று சொல்லி அங்கேயே இருக்கச் சொன்னார்கள். நாட்டின் பெரிய கோர்ட்டுக்கே ஒரு சிறுவனைக் கூப்பிட்டுக் கேட்க நேரம் இருந்தது. பெற்றவர்களுக்கு இல்லையா?

பிள்ளை சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று யாரும் சொல்லவில்லை. செல்போன் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டி ஒரு பக்கம் இழுப்பவர்களும் உண்டு. கூட்டாளி போகிற இடத்துக்கே போகிறேன் என்று அடம் பிடிக்கிற பிள்ளையும் உண்டு. அதனால்தான் சட்டம் விருப்பத்தையும் கேட்கச் சொல்கிறது, நலனையும் பார்க்கச் சொல்கிறது. கேட்காமலே முடிவு செய்வதைத்தான் ஏற்க முடியாது.

பீஸ் கட்டினால் எஜமானரா?

"பணம் கட்டுறவன் சொல்றதுதான்" என்ற வாதமும் எடுபடாது. 1956-ம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டத்தின்படி, பிள்ளையைப் பராமரிப்பது தாய், தகப்பன் இருவரின் கடமை. அந்தப் பராமரிப்பில் படிப்புச் செலவும் அடங்கும். சோறு போடுவதற்கு யாரும் நிபந்தனை வைப்பதில்லை. படிப்புக்கு மட்டும் ஏன்?

அதே போல, டி.சி.யைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதும் நியாயம் அல்ல. அது பிள்ளையின் காகிதம். புருஷன் மேல் உள்ள கோபத்துக்கு அடமானப் பொருள் அல்ல.

கோபத்தில் கணக்கும் தப்பிப் போகிறது. 2020-ல் தமிழ்நாட்டில் வந்த சட்டம், நீட் எழுதித் தேறும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு கொடுத்தது. ஆறாம் வகுப்பில் இருந்து பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. 2021-ல் என்ஜினீயரிங், விவசாயம், சட்டப் படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு வந்தது.

அரசுப் பள்ளியில் பத்து வரை படித்த பெண்ணை, டாக்டராக்குவதற்காக என்றே தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த வாசல் அடைபட்டுப் போகும்! தனியார் பள்ளி கூடாது என்பது இதற்கு அர்த்தம் அல்ல. சிலருக்கு அதுதான் சரியாக இருக்கலாம். ஆனால் வீம்பைத் தள்ளி வைத்து விட்டு, இருவரும் உட்கார்ந்து லாப நஷ்டம் பார்த்தால்தானே இதெல்லாம் தெரியும்?

திரைக்குப் பின்னால் ஒரு பெண்

இந்த ஊருக்கு இது புதிய கதை அல்ல. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மன்னர் கல்லூரியில் சேர விரும்பினார். ஆண் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார் அந்தப் பெண். பின்னாளில் அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

சுற்றி இருந்தவர்கள் ஆயிரம் சொன்னார்கள். அன்றைக்குப் படிக்கப் போகிறவரின் ஆசையும் மதிக்கப்பட்டது. அதனால்தான் நாட்டுக்கு ஒரு டாக்டர் கிடைத்தார். அந்த ஊரில் இன்று ஒரு பெண் பிள்ளை "எனக்கு இது வேணும்" என்று சொன்னால் காது கொடுக்க ஆள் இல்லை என்றால் வெட்கக்கேடு அல்லவா?

செய்ய வேண்டியது

பிரிவது என்று முடிவானால் நகை, சீர்வரிசை, பித்தளைக் குடம் வரை பட்டியல் போட்டு எழுதுகிறார்கள். அதோடு பிள்ளையின் படிப்பையும் எழுதட்டும். பள்ளியை யார் யாரைக் கேட்டு முடிவு செய்வது, பீஸ் யார் கட்டுவது, டி.சி., சாதிச் சான்றிதழ் யாரிடம் இருப்பது என்று நாலு வரி போதும். வக்கீல்களும் இதை ஞாபகப்படுத்த வேண்டும்.

எழுதாமல் விட்டவர்கள் 26-வது பிரிவில் படிப்புக்காக மட்டும் மனு போடலாம். அதை "பிள்ளை யாருக்கு" என்ற பெரிய சண்டையாக ஆக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1989-ம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின்படி, எந்தப் பள்ளி என்ற ஒரே கேள்விக்குத் தனி உத்தரவு வாங்க முடிகிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கலங்கவும் வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்படி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதற்கு வக்கீலும் வேண்டாம், ஸ்டாம்பு பேப்பரும் வேண்டாம். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ என்னம்மா நினைக்கிறே?" என்று கேட்க வேண்டும். கேட்டு விட்டு, பதிலை முழுசாகக் கேட்க வேண்டும்.

புருஷன் பெண்டாட்டி உறவைக் கோர்ட்டு ரத்து செய்யலாம். தாய், தகப்பன் உறவை எந்தக் கோர்ட்டும் ரத்து செய்ததில்லை. சண்டையில் யார் ஜெயித்தாலும், மறுநாள் காலையில் பையைத் தூக்கிக் கொண்டு பஸ் ஏறப் போவது அந்தப் பிள்ளைதான்.