மன்னார்க் கரையை முழுதாக நோக்க வேண்டுகோள்

கௌரவ சுற்றாடல் அமைச்சர் அவர்களுக்கு,

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ்ப் பெருந்திட்டங்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றாகவே மதிப்பிடப்படுகின்றன. மன்னார்க் கரையோ அவை அனைத்தையும் ஒரே வேளையில் சுமக்கிறது.

மன்னார்த் தீவின் மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் மிதக்கிறது; நீரியலாளர் இதனை நன்னீர் வில்லை என்பர், கிணறுகளுக்கு ஊற்று இதுவே. இல்மனைற்று என்னும் கனியத்துக்காக மணல் அகழப்படின் இவ்வில்லை மெலிந்து உவர் மேலேற இடமுண்டு. அதே நிலத்தில் காற்றாலைகளுக்கென மேடாக்கப்படும் வீதிகள் மாரிவெள்ளம் வடியும் தாழ்நிலங்களைக் குறுக்கறுப்பின், களப்பைச் சேரவேண்டிய நீர் குடிமக்களின் வளவுகளில் தேங்கும்.

2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் தலமாகவும், அதாவது ஈரநிலப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை ஏற்ற இடமாகவும், அறிவிக்கப்பட்ட வங்காலை ஈரநிலம் இதே கரையில், மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடியில் உள்ளது. அங்கு பூநாரை தன் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுநீரை நாவால் உள்ளிழுத்து, அலகோரத் தகடுகளில் சிற்றுயிர்களை வடித்து உண்கிறது. நீரின் ஆழமும் உவர்ப்பும் மாறினால் இரையும் மாறும். இரை குன்றிய களப்பை விட்டு வேறிடம் தேடும் பறவைகள், 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 கோபுரங்களை அடிக்கடி கடக்க நேரலாம். நீர்வழியை ஓர் அறிக்கையும் பறவை மோதலை மற்றோர் அறிக்கையுமாக ஆராயும்போது, இவ்விரண்டையும் பிணைக்கும் தீங்கு எவர் கணக்கிலும் வராது.

காற்று மின்சாரம் நாட்டுக்குத் தேவையே. அதனாலேயே அதன் இடத்தேர்வு கவனமாக அமையவேண்டும்.

இதே கரையிலுள்ள விடத்தல்தீவில், 2016இல் இயற்கை ஒதுக்கமாக்கப்பட்ட பரப்பிலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவித்த 2024ஆம் ஆண்டு வர்த்தமானியை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையால் நிறுத்தியது. அங்குள்ள கண்டற்காடு அழிந்தால் மீன்குஞ்சுகளின் புகலிடம் போகும். அவை வளர்ந்து இறங்குவதும் கடற்பசு மேய்வதுமான கடற்புல் வெளியை இழுவைமடி ஏற்கெனவே உழுதுவருகிறது.

2025 ஆகஸ்டில் வீதிக்கு வந்த மன்னார் மக்கள் காற்றாலையையும் கனிய மணல் அகழ்வையும் ஒரே கோரிக்கையில் எதிர்த்தனர். கரையை ஒன்றாகக் காணும் அப்பார்வை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் நடைமுறையிலும் இடம்பெறவேண்டும். தீவு, வங்காலை, விடத்தல்தீவு, ஆழமற்ற கடல் ஆகியவற்றை உள்ளடக்கி, வலசைப் பருவம் ஒன்றையேனும் முழுமையாகப் பதிந்து, மீனவரின் அறிவையும் சேர்த்து, ஒட்டுமொத்தத் தாக்க மதிப்பீடொன்றைத் தமிழில் வெளியிடுமாறும், அதுவரை புதிய அனுமதி எதனையும் வழங்காதிருக்குமாறும் அமைச்சர் அவர்களிடம் கோரப்படுகிறது.