துக்ளக்கும் ஒரு தாத்தாவும்

கோமாளித்தனமான ஆட்சி என்றால் 'துக்ளக் தர்பார்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். 1968-இல் சோ மேடையேற்றிய 'முகமது பின் துக்ளக்' அந்தப் பெயரை நம் வீட்டுப் பேச்சாகவே ஆக்கிவிட்டது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே கிரீஷ் கார்னாட் கன்னட நாடகமொன்றில் அதே டெல்லி சுல்தானைக் கனவு கண்டே சீரழிந்த அறிவாளியாக எழுதியிருந்தார்.

இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்டுக்கு இப்படியொரு மறுவிசாரணை 1951-இல் வாய்த்தது. அண்ணன் பிள்ளைகளைக் கொன்றவர் என்று பழி சுமந்தவர் அவர். ஜோசஃபின் டேயின் நாவலில், மருத்துவமனையில் படுத்திருக்கும் போலீஸ் அதிகாரி ஒருவர் அந்த வழக்கைக் கிளறுகிறார். அங்கே வாதம் சுலபம். பழியைப் பரப்பியவர்கள், 1485-இல் அவரை வீழ்த்தி அரியணை ஏறிய டியூடர்களின் ஆட்கள்.

துக்ளக் விஷயத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. 1327-இல் தலைநகரை மாற்றி டெல்லிக்காரர்களைத் தக்காணத்தின் தௌலதாபாத்துக்கு ஓட்டிய கதையை எழுதியவர்களில் கவிஞர் இஸாமி ஒருவர். அவருடைய தொண்ணூறு வயதுத் தாத்தா வழியிலேயே இறந்துபோனார். பயணி இபின் பதூதா டெல்லிக்கு வந்ததோ சில ஆண்டுகள் கழித்து. இழுத்துச் செல்லப்பட்ட குருடனின் கால் மட்டும் ஊர்போய்ச் சேர்ந்த கதை, அவர் காதால் கேட்டது. நகரம் முழுதும் காலியாகவில்லை, பெரும்பாலும் மேட்டுக்குடியினரும் மார்க்க அறிஞர்களும்தான் போனார்கள் என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். போனவர்களுக்கு சுல்தான் வாரி வழங்கினார் என்று, அவரைக் கடுமையாகச் சாடும் வரலாற்றாசிரியர் பரனியே எழுதுகிறார். எல்லாம் சரி. ஆனாலும் இஸாமியைக் காழ்ப்பில் எழுதியவர் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. தாத்தாவை அப்படிப் பறிகொடுத்த வீட்டில் காழ்ப்பு இல்லாமல் வேறென்ன இருக்கும்?

அதே டெல்லியில், ஜங்புராவின் மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று, டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. பாராபுல்லா வடிகாலை ஒட்டி, தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த இடம். கணக்கில் வந்த 370 குடும்பங்களில், தகுதி பெற்ற 189-க்கு நரேலாவில் மாற்று வீடு. அது நகரத்தின் மறுகோடி. ஜங்புராவில் பாத்திரம் தேய்த்தும் சமைத்தும் பிழைத்த பெண்கள் அங்கிருந்து காலையில் எப்படி வேலைக்கு வருவது? வடிகால் அடைத்தால் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் என்பது பொய்யில்லை. தக்காணத்தை ஆள துக்ளக்குக்கு அங்கேயே ஒரு தலைநகர் வேண்டியிருந்ததும் பொய்யில்லை.

நூறு வருடம் கழித்து இந்த இடிப்பை நாவலாக எழுதப்போகிறவருக்கு உத்தரவின் நகலும் தகுதிப் பட்டியலும் எளிதில் கிடைக்கும். பட்டியலில் இடமில்லாத 181 குடும்பங்களில் எந்தப் பேரனாவது எழுதிவைத்திருந்தால், அவன் எழுத்தும் இஸாமியுடையதைப் போல நடுநிலையாக இருக்காது.