கணி உண்டு, காணி இல்லை

சித்திரை பிறக்கும் விடியலில் கேரளத்திலும் குமரி, நெல்லை மாவட்டங்களிலும் வீட்டார் கண் விழித்ததும் முதலில் காண்பது கணி. உருளியில் அரிசி, பொன்னிற வெள்ளரி, மாங்காய், பலா, தேங்காய், கண்ணாடி, நாணயம், அவற்றின்மேல் சரக்கொன்றைப்பூ. இவ்வழக்கத்தைப் பற்றி நம் துறைகளில் எழுதும்போதும் பேசும்போதும் ‘தொல்சமயத்தின் எச்சம்’, ‘வளமைச் சடங்கு’ என்னும் இரண்டு சொற்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. நானும் அவற்றைப் பயன்படுத்தியிருக்கிறேன். போனக்காட்டு லயங்களுக்குச் சென்று வந்தபின் அவை எனக்குப் போதவில்லை.

நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறினால் அகத்தியமலையின் மேற்குச் சரிவில் இருக்கிறது போனக்காடு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்குச் செல்வோர் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகின்றனர். ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம்; உழைக்க வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். தோட்டம் நொடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று இணையத்தில் இவ்வூரைத் தேடினால் முன்னால் வந்து நிற்பது ‘பேய் பங்களா’. பாழடைந்த பங்களாவில் ஆவியைத் தேடிக் கைப்பேசியுடன் வருவோர், உயிரோடு இருக்கும் மனிதர்களின் லயங்களைத் திரும்பிப் பாராமல் கடந்து போகின்றனர்.

இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் என்று பள்ளியில் படித்தோம். பகலும் இரவும் ஒத்து நிற்கும் நாளோ மார்ச் 20 அல்லது 21. விண்மீன்களைக் கொண்டு கணிக்கும் நம் ஆண்டு, பருவங்களைக் கொண்டு கணிக்கும் ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டது. அது சேர்ந்து ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாளாகி, இன்று மூன்று வாரத்துக்கு மேற்பட்ட இடைவெளியாக வளர்ந்திருக்கிறது. மேகநாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரையால் 1957-இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டி, ஆண்டுத் தொடக்கத்தை மார்ச் 22-க்குக் கொண்டு சென்றது. மக்கள் தம் சித்திரையை விடவில்லை. தமிழ்நாட்டில் 2008-இல் தை முதல் நாளைப் புத்தாண்டாக்கிய சட்டம் 2011-இல் நீக்கப்பட்டது. நாள் எது என்ற வழக்கில் நாம் செலவிட்ட மையில் சிறு பங்கையேனும், அந்நாளை மனிதர்கள் எந்த மண்ணில் நின்று வரவேற்கிறார்கள் என்ற கேள்விக்கு ஒதுக்கியிருக்கலாம்.

ஏனெனில் தேயிலைத் தோட்டத்தில் இளவேனிலுக்கு வேறு பொருள் உண்டு. கோடை மழை விழுந்ததும் தேயிலை தளிர்க்கும். தென்னிந்தியத் தோட்டங்களில் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொழுந்து மிகுந்து வரும் காலம். புலவர்க்குக் களிப்பான தளிர், பறிப்பவர்க்குக் கூடுதல் கிலோவாகவும் முதுகில் கூடுதல் சுமையாகவும் வந்தது. பருவத்தின் வருகையைத் தராசு அறிவித்தது. தோட்டம் நின்றதும் தராசும் போயிற்று. கவாத்துக் காணாத தேயிலைச் செடிகள் மரங்களாக உயர்ந்து நிற்கின்றன. தளிர் இன்றும் வருகிறது. அதைப் பறித்தால் கூலி தருவார் இல்லை.

இந்நிலையில்தான் லயத்து வாசலை ஒட்டிய சில அடி அகல மண்ணைக் காணவேண்டும். மரச்சீனி, சேம்பு, காந்தாரி மிளகாய், கறிவேப்பிலை, சிறு பந்தலில் அவரை, மூலையில் செம்பருத்தி. பன்றியும் குரங்கும் தின்று மிஞ்சியது வீட்டுக்கு. சித்திரைக் கணிக்குக் காய் பழுத்திருக்கவேண்டும் என்று தை கழிவதற்குள் வெள்ளரி விதை ஊன்றிவிடுகிறார்கள். வேம்பும் கொன்றையும் இந்த ஈரமலையில் செழிப்பதில்லை. கொன்றைப்பூ கீழேயிருந்தும், உலர்ந்த வேப்பம்பூ நெல்லைப் பக்கத்து உறவினர் கையிலிருந்தும் மலையேறி வருகின்றன. நான் கண்ட ஒரு கணியில் கொன்றைப்பூவின் அருகே ஒரு கொத்துத் தேயிலைக் கொழுந்து இருந்தது. எந்த நூலிலும் நான் படித்திராத கணிப்பொருள் அது. காரணம் கேட்டேன். “நமக்குச் சோறு போட்டது அதுல்லா, தம்பி” என்றார் அந்த வீட்டு அம்மா.

அன்றைய இலையிலும் மலையின் இரு சரிவுகளும் சேர்ந்திருந்தன. ஒருபுறம் சக்கை எரிசேரியும் மாம்பழப் புளிசேரியும். மறுபுறம் வெல்லமும் வேப்பம்பூவும் இட்ட மாங்காய்ப் பச்சடி. இதே மலைத்தொடரின் கிழக்கடிவாரமான பாபநாசத்தில் அகத்தியருக்கு இறைவன் மணக்கோலம் காட்டும் சித்திரை விசுத் திருவிழாவும் இந்நாளை ஒட்டியே நடக்கிறது. மாநில எல்லையோடு நின்றுவிடும் நம் பாடத்திட்டங்களில் இந்த ஒருமைக்கு இடமில்லை.

எட்வர்ட் டைலர் 1871-இல் முன்வைத்த ‘எச்சம்’ என்னும் கருத்தாக்கம், வழக்கத்தை அதன் பழைய காலத்தில் வைத்துப் பொருள் காண்கிறது. அந்தக் கொழுந்தை அது எவ்வாறு விளக்கும்? ஒரு குடும்பம் தன் உழைப்பில் விளைந்ததை வரிசையாக வைத்து, ‘இந்த மண்ணோடு எனக்கு உறவு உண்டு’ என்று ஆண்டுக்கு ஒருமுறை தன் கண்ணுக்கே காட்டிக்கொள்கிறது. அது நிகழ்கால உரிமைக் கோரிக்கை. அந்த உறவுக்குச் சான்றாகக் காட்ட அவர்களிடம் வேறு ஆவணம் இல்லை.

கணியும் காணியும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை என வாதிட வரவில்லை. ஆனால் காணி என்பது தமிழில் நில அளவு. வழிவழி வரும் நிலவுரிமையும்கூட. இம்மலையின் பழங்குடிகளான காணிக்காரரின் பெயருக்கே நிலவுரிமை உடையோர் என்று பொருள் கூறுவதுண்டு. அவர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒரு வாயிலேனும் திறந்தது. தோட்டத் தொழிலாளர்க்கு அதுவும் இல்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தங்குமிடம் தரச் சொன்னது. அது வேலையோடு கட்டுண்ட வீடு. பெருமையோடு நாம் கற்பிக்கும் 1963-ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது. கிழக்குச் சரிவிலும் நிலைமை மாறானதன்று. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட மாஞ்சோலைத் தோட்டத்தின் பணிகள் 2024-இல் நின்றபோது, தலைமுறைகளாக வாழ்ந்த மலையைவிட்டு இறங்கும் நிலை அங்கிருந்த குடும்பங்களுக்கு வந்தது.

காடு தன் இடத்தைத் திரும்பப் பெறுவது நல்லதுதானே என்று கேட்கலாம். இது 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் வலையமைப்பில் இடம்பெற்ற மலை. நாங்கு மரங்கள் செந்தளிர் விடும் காட்டைக் கண்டவர் எவரும் அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது, நானும் தள்ளவில்லை. எல்லோரும் அங்கேயே இருந்தாகவேண்டும் என்பதும் என் வாதமன்று. மறுவாழ்வு என்றதும் அரசுகளின் கண்ணுக்குச் சுவரும் கூரையும் தெரிகின்றன, வாசல்மண் தெரிவதில்லை. அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் ஓர் அறை கொடுத்தால் வீடு கிடைக்கும். வெள்ளரி விதை ஊன்ற இடம் கிடைக்காது. எங்கே குடியேற்றினாலும் விளைவிக்கச் சில சென்ட் நிலம் அவர்கள் பெயரில் பட்டாவோடு வேண்டும். அதை இரக்கத்தால் கொடுக்கும் கூடுதல் வசதி என்று எண்ணவேண்டாம். அவர்களின் உழைப்புக்குப் பட்ட கடனில் அது ஒரு சிறு பகுதி.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் சித்திரையில் கொன்றைப்பூவைப் படமெடுக்கும் முன், உங்கள் ஊர்க் கணித்தட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் எந்த மண்ணில் விளைந்தது, அம்மண் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். விலைக்கு வாங்கியது எது, வாசலில் விளைந்தது எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலிலிருந்து நம் ஆய்வுகள் தொடங்கட்டும்.