பிள்ளைகளை மலைக்கு அனுப்புவோமா?

பீன்யா, தாசரஹள்ளி, லக்கெரே பக்கம் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில், வளர்ந்த பிள்ளை ஒன்று "அப்பா, இந்த வாரம் மலையேறப் போறோம், ராத்திரி அங்கேயே தங்கல்" என்று சொன்னால், உடனே வரும் பதில் ஒன்றுதான்: "குரங்கணியை மறந்துட்டியா?" என் வீட்டிலும் அதுதான் நடந்தது. என் மகள் முதல் சம்பளத்தில் வாங்கிய முதுகுப்பை 2018 மார்ச்சில் பரணில் ஏறியது. பல வருடம் கீழே இறங்கவில்லை. ஏற்றியவன் நான். ஆகவே, அதை ஏன் மறுபடி இறக்கினேன் என்று சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

நான் போடிக்காரன். குரங்கணி எங்களுக்குச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்த ஊர் அல்ல. ஒரு காலத்தில் மூணாறு தேயிலை சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு குரங்கணிப் பக்கம் இறங்கி, பிறகு வண்டியில் போடிக்கு வந்து சேருமாம். அந்த ரயிலை 1924ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மனிதர் நடக்கும் தடம் மட்டும் நின்றது. ஏலத்தோட்ட வேலைக்கு எங்கள் பெரியவர்கள் அந்த மலையில்தான் ஏறி இறங்கினார்கள். மாசி, பங்குனியில் புல்மேட்டைத் தாண்டும்போது யாராவது பீடியை எடுத்தால் அவன் கன்னத்தில் ஒன்று விழும் என்று என் அப்பா சொல்வார். அவர்களுக்கு மலை என்பது மாதத்தோடு சேர்ந்த ஒன்று. தை மாதத்து மலை வேறு, பங்குனி மாதத்து மலை வேறு.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்த இரண்டு குழுக்கள் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, காய்ந்து நின்ற புல்லில் தீ பிடித்து, காற்றோடு மேலே ஏறியது. சம்பவத்திலும் பிறகு மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். பலர் இளம்பெண்கள். அகப்பட்டுக்கொண்டவர்களை ஊர்க்காரர்கள் இருட்டில் ஏறித் தூக்கிவந்தார்கள். போடியில் என் சித்தப்பா மகன் தொலைபேசியில் அதைச் சொன்னபோது அழுதான். அன்றைக்கு இரவுதான் நான் அந்தப் பையைப் பரணில் போட்டேன்.

அது தகப்பன் செய்த காரியம், தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரவில் மகளிடம் நான் சொல்லாத கதை ஒன்று உண்டு. 1993இல், பங்குனி மாதத்தில், பீன்யாவில் என்னோடு வேலை பார்த்த மூன்று பேரும் நானும் மாகடிப் பக்கம் சாவனதுர்க்காவுக்குப் போனோம். அனுமதி என்று ஒன்று வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. பாறை இடுக்கில் மூன்று கல் வைத்து முட்டை வேகவைத்தோம். ஒரு காற்று அடித்தது, பக்கத்துப் புல் பிடித்துக்கொண்டது. சட்டையைக் கழற்றி அடித்தோம், பச்சைக் கொப்பை ஒடித்து அடித்தோம். கால் மணி நேரத்தில் அணைந்தது; புல் கொஞ்சமாக இருந்ததுதான் காரணம், எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. இறங்கி வந்து பஸ்ஸில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. வீட்டில் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை என்பதல்ல; என் அப்பா சொல்லித்தான் இருந்தார். ஊரை விட்டு வந்தபோது பாத்திரம் பண்டத்தோடு அதையும் கட்டி எடுத்துவர மறந்துவிட்டேன்.

குரங்கணி நமக்குச் சொன்னது "போகாதே" என்பதா, "எப்போது, எப்படி என்று தெரிந்து போ" என்பதா? நாம் முதலாவதைப் பிடித்துக்கொண்டோம். அதனால் பிள்ளைகள் போகாமல் இருந்துவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. வீட்டில் வேறெங்கோ போவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். 2024 ஜனவரியில் குடியரசு தின விடுமுறைக்குக் குக்கே பக்கத்துக் குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே தடத்தில் நெருக்கியடித்து நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் நம் சங்கத்துப் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள் என்பது அவர்கள் பெற்றோருக்கு இன்றுவரை தெரியாது. (பெயர் கேட்டு யாரும் எனக்கு போன் போட வேண்டாம்!) அதற்குப் பிறகுதான் கர்நாடக வனத்துறை கொஞ்ச காலம் மலையேற்றத்தை நிறுத்தி, இணையத்தில் முன்பதிவு, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. நல்ல காரியம்.

தமிழ்நாட்டிலும் குரங்கணிக்குப் பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களை அறிவித்து, மலைவாழ் இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து 'ட்ரெக் தமிழ்நாடு' என்று தொடங்கியது. தீப்பிடிக்கும் காலத்தில் தடங்களை மூடிவிடுகிறார்கள். குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் தடமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதைப் படித்த அன்றுதான் நான் ஏணியைப் பரணுக்குச் சாய்த்தேன். குரங்கணிக்காரனே மறுபடி கூட்டிப்போகிறான் என்றால், பீன்யாவில் உட்கார்ந்துகொண்டு நான் எதற்குப் பயப்படுகிறேன்?

நம் பக்கத்து மலைகளின் மாதக் கணக்கை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். கார்த்திகை முதல் தை வரைதான் பெங்களூரைச் சுற்றியுள்ள பாறை மலைகளுக்கு நல்ல காலம். தும்கூர் சாலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில் சிவகங்கை. படிகள் உண்டு, கோயில் உண்டு, மேலே நந்தி உண்டு, வயதானவர்களும் பாதி தூரம் ஏறலாம். முதல் மலை அதுவாக இருக்கட்டும். மாசி பிறந்ததும் புல் காய்கிறது. அப்போதிலிருந்து மழை விழும்வரை புல்சரிவுகளை விட்டுவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் வேறு ஆபத்து: மத்தியானத்துக்குமேல் இடி. மொட்டைப் பாறையில் நிற்பதும் தனிமரத்தடியில் ஒதுங்குவதும் ஒன்றுதான். ஆனியிலிருந்து மலைநாட்டுப் பக்கம் மழை. குடகிலும் குதிரேமுகத்திலும் அட்டை காலில் ஏறும், பாறை வழுக்கும், ஓடை ஒரு மணி நேரத்தில் ஆறாகும். இளவட்டங்கள் அந்தப் பச்சைக்காகவே அப்போது போக ஆசைப்படுகிறார்கள். திறந்திருக்கும் தடத்தில், வழிகாட்டியோடு, பகலில் போய்ப் பகலில் திரும்பட்டும். மழைக்காலத்தில் மலையில் இராத்தங்கல் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. என் மகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இராத்தங்கல் என்றதும் தூளிக்கு வருகிறேன். பிள்ளைகள் இதை 'ஹமாக்' என்கிறார்கள். கரீபியன் தீவு மக்கள் தூங்கிய படுக்கை. 1492இல் கொலம்பஸ் அங்கே பார்த்தது. பிறகு கப்பல்காரர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டது. மகள் அதைப் பிரித்துக் காட்டியபோது என் மனைவி சிரித்துவிட்டாள். லக்கெரேயில் நாங்கள் முதலில் குடியிருந்த ஷீட் வீட்டில், கூரை ஆங்கிளில் அவளுடைய நூல் புடவையைக் கட்டித்தான் இதே மகளைத் தூங்கவைத்தோம். வேலை நடக்கும் கட்டிடத்தடியில் நம் பெண்கள் மரத்தில் கட்டுவதும் அதுதான். "பாராசூட் துணியில தைச்சிட்டா மூவாயிரமா?" என்று கேட்டாள்.

தூளிக்குச் சமதரை வேண்டாம், கல்லும் வேரும் முதுகில் குத்தாது, ஈரம் ஏறாது, தேளும் பூரானும் சுலபத்தில் வராது. கூடாரத்தைவிடக் கனமும் குறைவு. ஆனால் கட்டத் தெரிய வேண்டும். அங்கேதான் பீன்யா எனக்குக் கைகொடுத்தது. தொழிற்சாலையில் முப்பது வருடம் கிரேனில் ஸ்லிங் மாட்டியவன் நான். ஸ்லிங் எவ்வளவு படுக்கையாகப் போகிறதோ அவ்வளவு இழுவை கூடும் என்பது எங்களுக்கு அரிச்சுவடி. தூளிக்கும் அதே கணக்கு. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிந்திருந்தால், 70 கிலோ ஆள் படுத்தால் ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவை. தொய்வே இல்லாமல் 10 டிகிரியில் இறுக்கிக் கட்டினால் அதே ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 200 கிலோ! கொக்கி தெறிப்பதும், இளமரம் சாய்வதும் இதனால்தான். பிள்ளைகள் படத்துக்கு அழகாக இருக்கிறதென்று விறைப்பாகக் கட்டுகிறார்கள். தொய்வாகக் கட்டி, நேராகப் படுக்காமல் மூலைவாட்டமாகப் படுத்தால் முதுகு வளையாது.

மரம் தொடை கனமாவது இருக்க வேண்டும். மேலே அண்ணாந்து பார்த்துக் காய்ந்த கொப்பு இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். அகலமான பட்டைதான் கட்ட வேண்டும். மார்கழி இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கும்போது குளிர் மேலிருந்து வராது, அடியிலிருந்து வரும். எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகு விறைக்கும். உடம்புக்கடியில் ஒரு ஃபோம் விரிப்பு போட்டால் தீர்ந்தது.

சென்ற டிசம்பரில் பர்கூர்ப் பக்கம் நண்பர் ஒருவரின் மாந்தோப்பில் இரண்டு இரவு கட்டிப் பார்த்தோம். முதல் இரவு விரிப்பில்லாமல் படுத்து நான் விடியவிடிய நடுங்கினேன். மனைவி இரண்டாம் இரவு படுத்தாள். காலையில் எழுப்பினால் எழவில்லை.

ஏன் தோப்பு, ஏன் மலை இல்லை என்று கேட்பீர்கள். காரணம், காப்புக்காட்டில் அனுமதியின்றி இரவு தங்குவது குற்றம். குற்றமாக இருப்பதும் சரி. யானை நடக்கும் இடத்தில் மரத்துக்கு மரம் துணிகட்டித் தொங்குவது வீரமல்ல. என் குறை வேறு. முறையாகத் தங்க விரும்பும் தொழிலாளிக் குடும்பத்துக்கு இடமில்லை. காவிரிக் கரையில் அரசு நிறுவனத்தின் முகாம்கள் இருக்கின்றன. அருமையான இடங்கள், ஆனால் நால்வர் ஓர் இரவு தங்கினால் நம்மில் பலருக்கு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். நகரைச் சுற்றி முளைத்திருக்கும் தனியார் 'கேம்ப்'களிலோ விடியும்வரை ஒலிபெருக்கி. தும்கூர் சாலையிலோ மாகடிச் சாலையிலோ, யானை வழியில்லாத ஓரிடத்தில், நல்ல மரங்கள், குடிநீர், கழிப்பறை, ஒரு காவலர், குறைந்த கட்டணம். இவ்வளவுதான் கேட்க வேண்டும். பூங்காவுக்குக் கேட்கிறோம், விளையாட்டு மைதானத்துக்குக் கேட்கிறோம், இதற்கு ஏன் கேட்கக் கூடாது? கன்னட நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு மனு எழுதலாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான் சொல்லாமல் போகிறார்கள்.

அதுவரை சங்கம் ஒன்று செய்யலாம். கார்த்திகையில் ஒரு ஞாயிறு, குடும்பத்தோடு சிவகங்கை. ஜாலஹள்ளி கிராஸில் காலை ஆறரைக்குக் கூடினால் பத்து மணிக்குள் மேலே இருக்கலாம். அடுப்பு, தீப்பெட்டி கிடையாது; புளிச்சோறும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு வந்தால் போதும், இலையையும் பொட்டலத்தையும் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். தூளி கட்டுவதை அதற்கு முந்தின வாரம் சங்கத்து வளாகத்து வேப்ப மரத்தில் நானே காட்டுகிறேன். பட்டைகள் நாலு ஜோடி என்னிடம் இருக்கின்றன. பழைய நூல் புடவை இருந்தால் கொண்டுவாருங்கள்; எத்தனை கிலோ தாங்குகிறது என்று மணல் மூட்டை வைத்துப் பார்த்துவிடலாம்.