கல்லைப் படிக்க ஆள் வேண்டும்



நம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் டாக்டர், டீச்சர், போலீஸ், கலெக்டர் என்றுதான் பதில் வரும். நான் நிலவியல் படிப்பேன் என்றால், "ஏட்டி, மேப்பு வரையப் போறியா?" என்று சிரிக்கிறார்கள். அது புவியியல். நிலவியல் என்பது பாறை, மண், கனிமம், நிலத்தடி நீர் பற்றிய படிப்பு. இந்த வித்தியாசமே தெரியாத அளவுக்குத்தான் அது நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. (ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம், நான் பாடப்புத்தகத்தைத்தான் சொல்கிறேன்.)

நம் ஊரைச் சுற்றிக் காற்றாடிகள். பணகுடியில் இருந்து முப்பந்தல் வரை எண்ணி முடியாது. நிலக்கரி வேண்டாம், காற்றும் வெயிலும் போதும் என்று பேச்சுப்போட்டியில் எல்லாரும் பேசுகிறோம், கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் காற்றாடியை எதை வைத்துச் செய்கிறார்கள்? இரும்பு, செம்பு. புதுமாதிரி காற்றாடிகள் பலவற்றில் நியோடிமியம் சேர்த்த காந்தம். மின்சார வண்டியின் பேட்டரிக்கு லித்தியம். இதெல்லாம் தோண்டித்தானே எடுக்க வேண்டும்! எங்கே தோண்டலாம், எங்கே தோண்டவே கூடாது என்று சொல்ல ஆள் வேண்டாமா?

நியோடிமியம் மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கிறது. அது பக்கத்து மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே கிடக்கிறது. 1909-ல் அதைக் கண்டுபிடித்தவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர். திருவிதாங்கூரில் இருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தே கண்டுபிடித்தாராம்! நம்மாட்கள் தினமும் மிதித்து நடந்த மணல். இப்போது அந்த மணலை அள்ளினால் கதிர்வீச்சு வரும், கரை அரிக்கும் என்று கடலோர மக்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எவ்வளவு சரி என்று அளந்து சொல்ல, அந்த ஊரிலேயே பிறந்து படித்த ஒருவர் இருந்தால் ஜனங்கள் நம்புவார்கள். வெளியூர்க்காரர் சொன்னால் யார் கேட்பார்கள்?

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையை 1851-ல் ஆரம்பித்ததே நிலக்கரி தேடத்தான். அதே துறை 2023-ல் ஜம்மு காஷ்மீர் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியக் கனிமம் இருக்கலாம் என்று அறிவித்தது. டிவியில் ஒரே கொண்டாட்டம். "இருக்கலாம்" என்ற வார்த்தையை யாரும் கவனிக்கவில்லை. அந்த இடத்தை ஏலம் விட்டபோது போதுமான ஆள் வராமல் 2024-ல் ஏலமே ரத்தானது. இருக்கலாம் என்பதை இருக்கிறது, எடுக்க முடியும் என்று ஆக்கப் பல வருஷ வேலை இருக்கிறது. அந்த வேலைக்குத்தான் இப்போது ஒன்பதாவது படிக்கிற நாம்.

"பொம்பளப் பிள்ளைக்கு சுரங்கத்துல என்ன வேலை?" என்று எங்கள் ஆச்சி கேட்கிறாள். 1952 சுரங்கச் சட்டமும் அதையேதான் சொன்னது. பூமிக்கு அடியில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று இருந்தது. 2019-ல் தொழில்நுட்ப, மேற்பார்வை வேலைகளுக்கு அனுமதித்துவிட்டார்கள். சட்டம் மாறிவிட்டது, ஆச்சிதான் பாக்கி.

நான் கேட்பது செலவு வைக்காது. நம் அறிவியல் அலமாரியில் கீழ்த்தட்டு காலியாக இருக்கிறது. ஆளுக்கொரு கல் கொண்டு வந்து, எங்கே எடுத்தது என்று சீட்டு ஒட்டி வைப்போம். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் நிலவியல் துறை இருக்கிறது. அங்கே படிக்கிற அக்கா, அண்ணன் யாரையாவது ஒருநாள் வரவழைத்து அந்தக் கல்லுக்கெல்லாம் பேர் சொல்லச் சொல்லலாம். அடுத்த சுற்றுலாவும் கன்னியாகுமரிதான் என்றால், அப்படியே மணவாளக்குறிச்சி வரைக்கும் போய்வரலாமே சார்?

- ஒன்பதாம் வகுப்பு மாணவி