பழைய சொகுசு மகிழுந்தும் புதிய பிரேக் பேடும்



சென்ற மாதம் என் பழைய ஜெர்மானிய மகிழுந்திற்குப் பிரேக் பேடு மாற்றினேன். கட்டணச் சீட்டைக் கண்டதும், முன்பு ஓட்டிய மைவியை எண்ணிப் பெருமூச்சு விட்டேன். பல மடங்கு!

பட்டறைக்காரரைக் குறைகூற வழியில்லை. வண்டி கனமானது; அதனால் பேடும் வட்டும் பெரியவை. பேடு தேய்ந்ததை அறிவிக்கும் உணரிக் கம்பி தனி விலை. ஒருமுறை எச்சரித்துவிட்டால் புதிதுதான் பொருத்த வேண்டும். பிரேக் வட்டின் தடிமனோ, அதிலேயே பொறித்துள்ள குறைந்தபட்ச அளவிற்கும் கீழே போயிருந்தது. அதையும் மாற்றியாயிற்று.

பிழை என்னுடையதே. பத்தாண்டு ஓடிய வண்டியின் விலை இறங்கியிருந்ததைக் கண்டு மகிழ்ந்து வாங்கினேன். உதிரிப்பாகத்தின் விலை வண்டியோடு சேர்ந்து இறங்குவதில்லை. மாதத் தவணையை மட்டும் கணக்கிட்டுச் சொகுசு வண்டி வாங்கும் ஆசிரியர்கள் நம்மிடையே இன்னும் பலர் உள்ளனர்.

"மலிவுப் பேடு போதுமே, சார்" என்றார் சக ஆசிரியர் ஒருவர். மகிழுந்து நிறுவனத்தின் முத்திரை இல்லாவிடினும், அந்நிறுவனத்திற்கே பேடு செய்து தரும் தொழிற்சாலையின் பொருளை வாங்கலாம், செலவும் குறையும். பெயர் தெரியாத பெட்டியில் வருவதை நான் ஏற்கவில்லை. காலையில் அவ்வண்டியின் பின்னிருக்கையில் என் இரு பிள்ளைகளும் பக்கத்து வீட்டுச் சிறுவனும் அமர்ந்து பள்ளிக்கு வருகின்றனர்.