ஹேங் ஆன லேப்டாப்... பவர் பட்டனில் கை வைக்கும் முன்!

இரவு பதினொன்றரை மணி. நந்தனம் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துத் தெரு ஒன்றில் மூன்றாவது மாடி வீடு. மறுநாள் காலை கல்லூரியில் கொடுக்க வேண்டிய புராஜெக்ட் ரிப்போர்ட்டின் கடைசி அத்தியாயத்தை அடித்துக்கொண்டிருந்தார் பி.காம் இறுதியாண்டு மாணவி. திடீரென கர்சர் நின்றுவிட்டது. எழுத்து விழவில்லை, மவுஸ் அம்பு நகரவில்லை. கடைசியாக எப்போது 'சேவ்' கொடுத்தோம் என்பதும் அவருக்கு ஞாபகமில்லை.

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுடி, சரியாயிடும்" என்றார் அம்மா. டி.வி, மோடம், செட்டாப் பாக்ஸ் என நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் இதுதானே கை வைத்தியம்! நல்லவேளை, விரல் பவர் பட்டனுக்குப் போகும் முன், ரிச்சி தெருவில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கும் பெரியப்பா மகனுக்கு போன் போனது.

"அண்ணா, எதுவுமே அசையலண்ணா..."

"கேப்ஸ் லாக்கை அமுக்கு. குட்டி லைட் எரியுதா பாரு."

"எரியுது... ஆனா லேட்டா எரியுது."

"அப்ப உசுரு இருக்கு. ரெண்டு நிமிஷம் எதையும் தொடாத."

அந்தக் குட்டி லைட்தான் முதல் பரிசோதனை. அது மாறினால், திரை உறைந்திருந்தாலும் உள்ளே விண்டோஸ் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கோ ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் பதற்றத்தில் நாம் தட்டும் ஒவ்வொரு கிளிக்கும் வரிசையில் போய் நிற்கும். ரேஷன் கடை க்யூவில் ஆள் சேர்ப்பதைப் போலத்தான்.

இரண்டு நிமிடம் கழித்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னார் அண்ணன். மெதுவாக டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் 'டிஸ்க்' என்ற இடத்தில் 100 சதவிகிதம்! பின்னால் குரோமில் இருபதுக்கும் மேற்பட்ட டேப்கள். குரோமைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்ததும், சில நொடிகளில் வேர்டு பக்கம் உயிர்பெற்றது. உடனே சேவ், ஒரு பென் டிரைவில் காப்பி, தனக்கே ஒரு மெயில். இந்த இடத்தில் பலரும் அவசரத்தில் வேர்டையே மூடிவிடுகிறார்கள். காப்பாற்ற வேண்டியதை விட்டுவிட்டு மற்றதை மூட வேண்டும்.

பலருக்கும் தெரிந்த கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட்டும் இதே டாஸ்க் மேனேஜருக்கு வழிகாட்டும். 1981-ல் வந்த ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டரில் டேவிட் பிராட்லி என்ற இன்ஜினீயர் அமைத்த கூட்டு அது. தவறுதலாகக் கைபட்டு ரீஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்பதால்தான் தள்ளித் தள்ளி மூன்று பட்டன்கள்!

கேப்ஸ் லாக் லைட்டே மாறவில்லை என்றால்? விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். சிக்கல் திரைப் பகுதியில் மட்டும் இருந்தால், ஒரு பீப் சத்தத்துடன் திரை மினுங்கித் திரும்பலாம். அதற்கும் அசையவில்லையென்றால்தான் பவர் பட்டன். பத்து நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மறுபடி ஆன் செய்து வேர்டைத் திறந்தால், அது தானாக எடுத்துவைத்த பிரதி பெரும்பாலும் இடது பக்கம் வந்து நிற்கும். வேர்டு இதைப் பொதுவாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எடுக்கும். ஆப்ஷன்ஸில் போய் 2 நிமிடமாக மாற்றிக்கொள்ளலாம்.

கீபோர்டு வேலை செய்து டச்பேடு மட்டும் அசையாவிட்டால் கதை வேறு. மேல் வரிசை பட்டன்களில் ஒன்றில் டச்பேடு படம் இருக்கும். கைபட்டு அது ஆஃப் ஆகியிருக்கலாம். ஆனால் டச்பேடு மேலே எழும்பியது போலவோ, லேப்டாப் மேஜையில் சமமாக உட்காராமலோ இருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். சார்ஜ் போடாமல், அழுத்திப் பார்க்காமல், சர்வீஸுக்குக் கொண்டுபோவதே நல்லது. தீப்பிடிக்கிற அபாயம் உண்டு.

மறுநாள் ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தது. லேப்டாப் மட்டும் அன்று மாலையே திரும்ப நின்றது. அது அவருடைய அக்கா 2018-ல் பிளஸ் டூ படித்தபோது அரசின் விலையில்லா திட்டத்தில் வந்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய திட்டம். அக்கா வாங்கி, தங்கை படித்து, அப்பா இ.பி. பில் கட்டுவதுவரை ஒரே லேப்டாப்பில் ஓடும் வீடுகள் இன்றும் ஏராளம். 4 ஜி.பி. ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கையே நினைவகம் போலப் பயன்படுத்தும். அதுவோ நிதானமாகச் சுழலும். அதனால்தான் அந்த 100 சதவிகிதம்.

வீட்டருகே ஒரு கடையில் காட்டியபோது, "ஃபார்மேட் போட்டாத்தான் சரியாகும்" என்றார்கள். அம்மா தலையாட்டியும்விட்டார். அப்போதுதான் மாணவிக்கு உறைத்தது: போன வருடம் தவறிப்போன பாட்டியின் போட்டோக்கள் அந்த லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் இல்லை.

ரிச்சி தெருவுக்கே போய்விட்டார்கள். நந்தனத்தில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். அண்ணன் முதலில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினார். மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்று காட்டியது. ஹார்ட் டிஸ்க்கே பழுதாகிவருகிறது!

"இதுல இனி எதையும் எழுதக் கூடாது சித்தி. முதல்ல போட்டோவை எடுத்துடுவோம்" என்றார். சாதாரணமாக அரை மணி நேரத்தில் முடிகிற காப்பி, அன்று சாயங்காலம்வரை இழுத்தது. நான்கைந்து படங்கள் திறக்கவில்லை. மற்றவை வந்துவிட்டன.

பிறகு புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி., கூடவே இன்னொரு 4 ஜி.பி. ரேம். ஃபேனைக் கழற்றியபோது கம்பளி போலத் தூசு. மெத்தையில் வைத்துப் படித்ததன் பரிசு அது. காற்று போகும் துவாரம் அடைபட்டால் பிராசஸர் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. அவ்வளவு பழைய பிராசஸரில் விண்டோஸ் 11-க்கு அனுமதி இல்லை என்பதால், லினக்ஸ் போட்டுத் தந்திருக்கிறார் அண்ணன்.

இப்போது அந்த லேப்டாப் மெத்தையில் இல்லை, பழைய எக்ஸாம் பேடு மேல் உட்கார்ந்திருக்கிறது. பாட்டியின் போட்டோக்கள் ஒரு பென் டிரைவிலும், அக்காவின் கூகுள் டிரைவிலும் இருக்கின்றன. திறக்காத அந்த நான்கைந்து படங்களுக்காக, பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப்போடாமல் பீரோவில் வைத்திருக்கிறார் அம்மா.